சாக்கடைக்கு ஓட்டுப் போட்ட காலம்

செத்துக் கிடப்பவனைக் குனிந்து பார்த்து, "ஆமாம், இவன் செத்துத்தான் போய்விட்டான்" என்று சொல்ல ஓர் அதிகாரி தேவை. அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அந்த அதிகாரியை ஊர் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் சட்டமே எழுதி வைத்தது. 1776-இல், இங்கிலாந்து ராஜாவை உதறிவிட்டு வந்த சூடு ஆறுவதற்குள், பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் அரசியல் சாசனத்தில் இப்படி எழுதினார்கள்: மாவட்டத்துக்கு மாவட்டம் ஷெரிப்பையும், இந்த மரண விசாரணை அதிகாரியான கொரோனரையும் மக்களே ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்கு இரண்டு பேர் வீதம் தேர்ந்து அனுப்ப வேண்டும். மேலிடம் அதில் ஒருவருக்கு நியமனக் கடிதம் தரும். பெண் வீட்டார் இரண்டு ஜாதகம் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வது மாதிரி.

நியூ ஜெர்சி இன்னும் ஒரு படி மேலே. அங்கும் ஷெரிப்புக்கும் கொரோனருக்கும் வருடா வருடம் தேர்தல். யார் ஓட்டுப் போடலாம்? ஐம்பது பவுன் பெறுமானச் சொத்துள்ள குடிகள் எல்லாரும். "குடிகள்" என்று எழுதினார்களே தவிர "ஆண்கள்" என்று எழுதவில்லை. கணவன் போய்ச் சேர்ந்து சொத்து கைக்கு வந்த விதவைகள் இதைக் கவனித்துவிட்டார்கள். நேராக வாக்குச் சாவடிக்கு நடந்தார்கள். 1807 வரை இது ஓடியது. பிறகுதான் ஆண்களுக்கு உறைத்து, ஓட்டையை அடைத்தார்கள். அதுவரை, புருஷன் எப்படிச் செத்தான் என்று விசாரிக்கும் அதிகாரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்டாட்டிக்கு இருந்தது. இதைவிட முழுமையான ஜனநாயகம் எனக்குத் தெரியவில்லை.

கொரோனருக்கு மருத்துவம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தேர்தலில் ஜெயிக்கத் தெரிந்தால் போதும். பிணத்துக்கு இவ்வளவு என்று கூலி. மாசசூசெட்ஸ் மாநிலத்தார் 1877-இல்தான் இந்தப் பதவியையே ஒழித்து, மருத்துவர்களைக் கொண்டுவந்தார்கள். மற்ற பல மாநிலங்களில் இன்றைக்கும் கொரோனர் கைகூப்பி ஓட்டுக் கேட்கிறார். என்ன வாக்குறுதி தருவார் என்று யோசித்துப் பார்த்தேன். "எனக்கு ஓட்டுப் போடுங்கள், உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்வேன்" என்று அவர் சொன்னால் எவன் வீட்டுக்குள் விடுவான்?

இதை அவர்கள் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த சரக்கு. 1194-இல், ரிச்சர்டு ராஜா சிறைபட்டு, பெரும் பணம் கட்டி மீண்டு வந்த வருடத்தில், கஜானா காலி. அப்போது மாவட்டத்துக்கு மூன்று வீரர்கள், ஒரு குமாஸ்தா என்று தேர்ந்தெடுத்து, மன்னருக்குச் சேர வேண்டியதைக் கண்காணிக்க வைத்தார்கள். செத்தவன் மீது கருணையெல்லாம் இல்லை, வசூல்தான். தற்கொலை செய்தவன் தட்டுமுட்டுச் சாமான் மன்னருக்கு. வண்டி ஏறிச் செத்தால் வண்டியின் விலை மன்னருக்கு. காளை முட்டிச் செத்தால் காளையின் விலை. இந்தக் கடைசி வழக்கத்தை 1846-இல்தான் கைவிட்டார்கள். ரயில் வந்துவிட்டது, எஞ்சினுக்கெல்லாம் விலை கட்டி மாளாது என்பது ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஒருவர் கையைத் தூக்குவார், எனக்குத் தெரியும். "ஐயா, உத்தரமேரூர்! குடவோலை! பராந்தக சோழன்!" உட்காருங்கள் ஐயா. பத்தாம் நூற்றாண்டில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வைத்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். உண்மைதான். அது வாக்கெடுப்பு இல்லை, குலுக்கல். ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி உண்டு: கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் பொறுப்புக்கு வரக்கூடாது. அதை மட்டும் இன்றைக்கு அமல்படுத்தினால் உலகத்தில் எந்த மன்றத்திலும் கூட்டம் நடத்தப் போதிய ஆள் தேறாது.

சரி, நான் ஜொகூர்க்காரன். எங்கள் ஊரில் பிணத்துக்கு யார் பொறுப்பு, சாக்கடைக்கு யார் பொறுப்பு, அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டிய கதை.

கதை ஆற்றங்கரையில் தொடங்குகிறது. 1840-களில் சிங்கப்பூரில் காம்பியர் செடியும் மிளகும் பயிரிட்டு மண்ணைச் சக்கையாக்கிவிட்ட சீனர்கள், நீரிணையைத் தாண்டி வடக்கே பார்த்தார்கள். காடு, காட்டுக்குள் ஆறுகள், ஆள் நடமாட்டம் இல்லை. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம் அப்போது சிங்கப்பூரிலேதான் குடியிருந்தார். கையில் காடு இருக்கிறது, காசு இல்லை. வந்தவர்களிடம் காசும் ஆளும் இருக்கிறது, காடு இல்லை. பொருத்தம் பத்துக்குப் பத்து. 1844 முதல் "சூராட் சுங்கை" என்று ஆற்றுக் கடிதங்கள் எழுதித் தரப்பட்டன. கடிதம் வாங்கியவர் அந்த ஆற்றுக்கு அதிபதி. சீனத்தில் காங்சூ.

காங்சூ என்றால் ஏதோ ஊர்ப் பெரியவர் என்று நினைத்துவிடாதீர்கள். தன் ஆற்றங்கரையில் அபின் விற்கும் உரிமை அவருக்கு. சாராயம் அவருக்கு. சூதாட்டக் கொட்டகை அவருக்கு. பன்றி இறைச்சி அவருக்கு. அடகுக் கடையும் அவருக்கு. கூலிக்காரன் பகலில் மிளகுக் கொடியில் சம்பாதித்ததை மாலையில் அபினில் விட்டு, இரவில் சூதில் விட்டு, மறுநாள் சட்டையை அடகு வைக்கும் வரை எல்லாக் காசும் ஒரே கல்லாவுக்குப் போகும். இன்றைக்குப் பெரிய பேரங்காடிக்காரர்கள் ஒரே கூரையின்கீழ் எல்லாம் கிடைக்கும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஜொகூர் ஆற்றில் செய்து முடித்துவிட்டார்கள்.

ஒழுங்கைக் காப்பதும் காங்சூ வேலை. ஆக, அவரே வியாபாரி, அவரே வரி வசூல், அவரே போலீஸ். கொரோனர் மட்டும் தனியாக எதற்கு? தெப்ராவ் ஆற்றின் மேல்பக்கம் ஒரு கூலி செத்தால், புலி அடித்ததா, காய்ச்சல் அடித்ததா, காங்சூவின் ஆள் அடித்தானா என்று படகு பிடித்துப் போய்க் கேட்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? காங்சூ காய்ச்சல் என்றால் காய்ச்சல்.

1873-இல் காங்சூக்களுக்கென்றே ஒரு சட்டப் புத்தகம் எழுதினார்கள், "கானூன் காங்சூ" என்று. அவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று வரிசையாக. ஒருவருக்குத் தனியாகச் சட்டப் புத்தகமே எழுத வேண்டியிருக்கிறது என்றால், அதுவரை அவர் என்ன ஆட்டம் ஆடியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1917-இல் இந்த ஏற்பாடு ஒழிக்கப்பட்டது. காங்சூவின் ஆற்றங்கரைக் குடியிருப்புக்குக் கங்கார் என்று பெயர்; அது கங்கார் தெப்ராவ், கங்கார் பூலாய் என்று பெயர்ப்பலகைகளில் மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்தப் பக்கம் போய் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு அது ஏதோ மலாய்ப் பெயர்.

நடுவில் 1895-இல் ஜொகூருக்கு எழுத்திலான அரசியல் சாசனம் வந்தது. மலாய் மாநிலங்களிலேயே அதுதான் முதல். பள்ளிக்கூடத்தில் இதை நெஞ்சு நிமிர்த்திப் படித்தோம். அமைச்சர் மன்றம் உண்டு, மாநில மன்றம் உண்டு. ஓட்டு என்ற சொல்லுக்குத்தான் வேலை இல்லை. அரண்மனையைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை, எனக்கும் குடும்பம் இருக்கிறது. பிறகு பிரிட்டிஷ் ஆலோசகர் வந்து உட்கார்ந்தார். நகரங்களின் குப்பை, சாக்கடை, சந்தைக்கடை எல்லாம் நியமன வாரியங்கள் கைக்குப் போயின. அதே 1895-ஆம் வருடத்தில் ஜொகூர் பாருவில் ஒரு குழந்தை பிறந்ததை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஓன். ஜாபாரின் மகன். இனி வருவது அவர் கதையுந்தான்.

ஓட்டு எங்கள் பக்கம் வந்த விதம் விசித்திரமானது. நாட்டில் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். ஜொகூரின் யோங் பெங், லாபிஸ், கூலாய் பக்கமெல்லாம் ரத்தம். காட்டோரத்துச் சீனர்களைக் கூண்டோடு பெயர்த்துப் புதுக்கிராமங்களில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி அடித்து, வாசலில் அரிசியைச் சோதித்தார்கள். சமைத்த சோறு கெட்டுப்போகும், காட்டுக்குப் போகாது. பச்சை அரிசி போகும். அதனால் ஒரு பிடி அரிசிக்கும் கணக்கு. இப்படி ஒரு பக்கம் பூட்டிவைத்துவிட்டு, மறுபக்கம் அதே வெள்ளைக்காரன் 1950-இல் ஊராட்சித் தேர்தல் சட்டத்தையும் 1952-இல் கிராம மன்றச் சட்டத்தையும் கொண்டுவந்தான். கம்பிக்குள் இருப்பவர்கள் தங்களுக்கான மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். இரவு ஊரடங்கு, பகலில் ஜனநாயகம்.

முதல் நகரத் தேர்தல் 1951 டிசம்பரில் பினாங்கின் ஜார்ஜ் டவுனில். இரண்டாவது, 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில். இந்த இரண்டாவதுதான் நம் கதையின் முடிச்சு.

ஓன் ஜாபார் 1946 மே மாதம் ஜொகூர் பாரு அரண்மனையில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவைத் தொடங்கியவர். ஜொகூரின் மந்திரி பெசாராகவும் இருந்தவர். 1951-இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது: மலாய்க்காரர் அல்லாதவருக்கும் கட்சிக் கதவைத் திறக்கலாமே? கட்சி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது. ரோஷக்காரர். தான் கட்டிய வீட்டைத் தானே விட்டு வெளியேறி, எல்லா இனத்துக்கும் பொதுவாக மலாயா சுதந்திரக் கட்சி என்று புதுவீடு கட்டினார். நம்ம இந்தியர் கட்சியான ம.இ.கா. ஓடிப்போய் அந்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தது. புதுமனை, பெரிய மனிதர், நல்ல கொள்கை. யாருக்குத்தான் ஆசை வராது?

கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்தில் பன்னிரண்டு இடம். ஓன் கட்சி தோரணம் கட்டி நின்றது. அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஒரே நல்லெண்ணத்தில், உள்ளூர் அம்னோக்காரர்களும் சீனர் கட்சியான ம.சீ.ச.வின் உள்ளூர்க்காரர்களும் கைகோத்தார்கள். தேசிய ஒற்றுமை, லட்சியம் என்றெல்லாம் பிற்பாடு பாடப்புத்தகத்தில் சேர்த்ததுதான். அன்றைக்கு அது ஒரு நகரத் தேர்தலுக்கான உள்ளூர் ஏற்பாடு. இவன் ஓட்டு எனக்கு, என் ஓட்டு இவனுக்கு. முடிவு: கூட்டுக்கு ஒன்பது, ஓனுக்கு இரண்டு, சுயேச்சைக்கு ஒன்று. ம.இ.கா. திண்ணையில் உட்கார்ந்தபடியே கூரை விழுவதைப் பார்த்தது.

யோசித்துப் பாருங்கள். பின்னாளில் சுதந்திரம் வாங்கி, நாட்டை அறுபது வருடத்துக்கு மேல் ஆண்ட அந்தக் கூட்டணி எங்கே பிறந்தது? மாநாட்டு மேடையில் இல்லை, லண்டன் பேச்சுவார்த்தையில் இல்லை. குப்பை வண்டியும் லோங்காங் என்னும் சாக்கடையும் பொதுக் கழிப்பிடமும் யார் பொறுப்பு என்று முடிவுசெய்யும் தேர்தலில். சாக்கடையில் பிறந்தது என்று நான் எழுதினால் அநாகரிகம் என்பீர்கள். சாக்கடைக்கான தேர்தலில் பிறந்தது என்று திருத்திக்கொள்கிறேன்.

அதே வருடம் டிசம்பரில் ஜொகூர் நகரங்களுக்குத் தேர்தல் வந்தது. கோலாலம்பூரில் வெந்த பருப்பு இங்கேயும் வேகுமா என்று பார்த்தார்கள். ஜொகூர் பாருவில் நன்றாகவே வெந்தது, கூட்டு வாரிக்கொண்டு போயிற்று. ஓன் பிறந்த ஊர். அவர் அம்னோவைத் தொடங்கிய ஊர். நாடகத்தில் இப்படி எழுதினால் மிகை என்று இயக்குநர் அடித்துவிடுவார். 1954-இல் ம.இ.கா. மெல்ல எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஜெயிக்கிற கூட்டணியில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தது. 1955 ஜூலையில் நாடு தழுவிய முதல் தேர்தல். பழைய கட்சியை விட்டுவிட்டு, பார்ட்டி நெகாரா என்று புதுக்கட்சி தொடங்கி, ஓன் ஜொகூர் பாருவில் நின்றார். எதிரே, பிற்பாடு துணைப் பிரதமரான டாக்டர் இஸ்மாயிலின் அண்ணன் சுலைமான், பாய்மரக் கப்பல் சின்னத்தில். 52 இடத்தில் 51 கப்பலுக்கு. சொந்த ஊரும் கப்பலில் ஏறிப் போய்விட்டது. பாவம், அந்த மனிதர் நாடாளுமன்றத்துக்குள் நுழைய 1959-இல் கோல திரெங்கானு வரை போக வேண்டியிருந்தது.

இதில் தமிழன் எங்கே என்று கேட்பீர்கள். நகரத்தில் இருந்தவன் ஓட்டுப் போட்டான். ஜாலான் உங்கு புவான் பக்கம் கடை வைத்திருந்தவன், ரயில்வேயில் இருந்தவன், பொதுப்பணியில் இருந்தவன் எல்லாம் வரிசையில் நின்றான். ஆனால் எங்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் கிடந்தோம். தோட்டம் என்பது துரையின் தனிச்சொத்து. ஊராட்சி எல்லைக்கு வெளியே. புதுக்கிராமத்துக்கு முள்கம்பிக்குள்ளாவது ஒரு மன்றம் கிடைத்தது. லயத்துக்கு அதுவும் இல்லை. லயத்துச் சாக்கடை அடைத்தால் தண்டலிடம் சொல்ல வேண்டும், தண்டல் கிராணியிடம் சொல்லுவார், கிராணி துரையிடம் சொல்லுவார், துரை நாயைக் கூட்டிக்கொண்டு நடைபோகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார். நாலடுக்கு ஆட்சிமுறை, தேர்தல் செலவு இல்லை. ஆள் செத்தால் டிரசர் வந்து பார்ப்பார். டிரசர் காய்ச்சல் என்றால் காய்ச்சல். காங்சூவைப் பற்றிச் சற்று முன்பு சிரித்தோமே, அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் இங்கேயும் வைத்துக்கொள்ளலாம்.

குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த என் பாட்டி முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1959 பொதுத் தேர்தலில். மலாயில் ஓட்டுக்கு "உண்டி" என்று பெயர். சாவடியில் பெட்டியைக் காட்டி "உண்டி, உண்டி" என்று அதிகாரி சொல்ல, பாட்டி இது மாரியம்மன் கோயில் உண்டி மாதிரி ஏதோ என்று நினைத்து, மடித்த தாளோடு பத்து காசும் சேர்த்துப் போட்டுவிட்டு வந்தாராம். வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். பாட்டி சிரித்ததில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்டா, போடுறதோட சரி, கணக்குக் கேக்க முடியாது" என்பார்.

சுதந்திரத்துக்குப் பிறகு நகர மன்றங்களில் ஒரு சங்கடம் தலைகாட்டியது. நாடாளுமன்றத்துக்குக் கப்பலுக்கு ஓட்டுப் போடும் அதே மக்கள், சாக்கடைக்கு வரும்போது காளை மாட்டுத் தலைக்குப் போட்டார்கள். மாட்டுத் தலை சோஷலிஸ்ட் முன்னணியின் சின்னம். ஜார்ஜ் டவுன் மாநகரின் முதல் மேயரே அந்தப் பக்கத்துக்காரர்தான், டி.எஸ். ராமநாதன். மேலே ஒரு கட்சி, கீழே ஒரு கட்சி. மாமியார் ஆளும் வீட்டில் அடுப்படி மட்டும் மருமகள் கையில். மாமியாருக்கு எத்தனை நாள் பொறுமை இருக்கும்?

மாமியாருக்கு உதவியாக இந்தோனேசியா வந்தது. அதன் அதிபர் சுகார்னோ மலேசியாவோடு நடத்திய மோதல், கொன்பிரன்தாசி என்று பெயர். 1964 ஆகஸ்ட் 17, அவர்களுடைய சுதந்திர தினம். அன்றைக்குப் பார்த்து ஜொகூரின் பொந்தியான் கரையில் படகில் வந்து இறங்கினார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி லாபிஸில் வானத்திலிருந்து குதித்தார்கள், சுமார் நூறு பேர். இறங்கியதும் மக்கள் மாலை போட்டு வரவேற்பார்கள் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்ததாகக் கதை. லாபிஸ்காரன் மாலை போடவில்லை, போலீசுக்குத் தகவல் சொன்னான். பாராசூட் மரத்தில் மாட்டி, ஆளுக்கொரு திசையில் சிதறி, கடைசியில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள் அல்லது செத்தார்கள்.

விஷயம் விளையாட்டில்லை, உயிர்கள் போயின. ஆனால் லாபிஸில் விழுந்த பாராசூட்டின் நிழல் எவ்வளவு நீளம் பாருங்கள். 1965 மார்ச் 1-ஆம் தேதி பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், நாடு ஆபத்தில் இருப்பதால் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன என்று அறிவித்தார். அமைதி திரும்பிய மறுகணமே தேர்தல் என்று உறுதியும் கொடுத்தார். 1966 ஆகஸ்டில் இந்தோனேசியாவோடு சமாதானம் ஆயிற்று. கை குலுக்கினார்கள், படம் எடுத்தார்கள். அந்த மறுகணத்தை ஜொகூர் பாரு இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் நகர மன்றங்களில் நிர்வாகச் சீர்கேடு என்று குற்றச்சாட்டு கிளம்பியது. சிரம்பான், மலாக்கா, ஜார்ஜ் டவுன், அப்புறம் எங்கள் ஜொகூர் பாரு, பத்து பகாட். ஐந்தில் இரண்டு ஜொகூர், மாநிலத்துக்கே பெருமை. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. மன்றம் என்று இருந்தால் ஒப்பந்தம் இருக்கும், ஒப்பந்தம் இருந்தால் மச்சான் இருப்பான். மச்சானைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் இவர்கள் கல்யாணத்தையே ரத்து செய்தார்கள்.

என்ன கோளாறு என்று ஆராய 1965-இல் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். தலைமைக்கு ஒரு தமிழர்: செனட்டர் ஆதி நாகப்பன். வழக்கறிஞர், ம.இ.கா.காரர், ஆளும் கூட்டணியின் சொந்த ஆள். மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கியவர். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவரிடம் ஜாடையாகப் பேசிக் காரியம் சாதிப்பது கஷ்டம் என்று நியமித்தவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஆணையம் மூன்று வருடத்துக்கு மேல் உழைத்தது. தீபகற்பத்தில் 370-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள், அவற்றில் ஆறு ஏழு ரகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். சில கிராம மன்றங்களில் கஜானாவைவிட உறுப்பினர் கூட்டமே பெரிது. எல்லாவற்றையும் புரட்டி, 1968 டிசம்பரில் தடித்த அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். சாரம் எளிமையானது: குறைகள் உண்டு, ஆனாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே நல்லது, தேர்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எரிக்கச் சொல்லிக் கொடுத்த வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் நாகப்பன்.

ஐந்தே மாதத்தில் 1969 மே 13 இனக் கலவரம். அதன் பிறகு தேர்தல் என்ற சொல்லைக் கேட்டாலே மேலிடத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அறிக்கையை ஆராய ஒரு குழு போட்டார்கள். ஆணையம் நாட்டை ஆராய, குழு ஆணையத்தை ஆராய்ந்தது. குழுவின் முடிவை என் பாஷையில் சொல்வதானால்: ஏற்கெனவே மாநிலத்துக்கு ஓட்டு, மத்திக்கு ஓட்டு, மூன்றாவதாகச் சாக்கடைக்கும் ஓட்டு என்றால் ஜனங்களுக்கு ஜனநாயகம் செரிக்காது. வாந்தி எடுப்பார்கள். 1976-இல் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. அதன் 15-ஆம் பிரிவு, ஊராட்சித் தேர்தல் தொடர்பான சட்டவிதிகள் எல்லாம் இனிச் செல்லாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும், எட்டுக்குக் குறையாமல், இருபத்து நாலுக்கு மேற்படாமல். ஆதி நாகப்பன் அதே 1976-இல் காலமானார்.

ஆகக் கதைச் சுருக்கம் இதுதான் என்று சிரித்துக்கொள்ளலாம்: நகரத் தேர்தலில் பிறந்து, ஜொகூர் பாருவில் நடைபழகிய பிள்ளை, வளர்ந்து ஆளானதும் முதல் வேலையாகப் பிரசவ ஆஸ்பத்திரியை இழுத்து மூடிவிட்டது. நியமன உறுப்பினர் பதவி அதன் பிறகு கட்சிக்காரர்களுக்குத் தீபாவளிப் பலகாரம் ஆயிற்று. அம்னோவுக்கு இத்தனை தட்டு, ம.சீ.ச.வுக்கு இத்தனை, ம.இ.கா.வுக்கு முறுக்கு இரண்டு. ஆட்சி மாறிய மாநிலங்களிலும் பலகாரம் போகும் வீடுதான் மாறியது, வழக்கம் மாறவில்லை.

பினாங்கு மட்டும் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தது. தேர்தலைத் திரும்பக் கொண்டுவர 2012-இல் மாநிலச் சட்டம் இயற்றி, கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2014-இல் முடியாது என்று தீர்ப்பு. அதே 2014-இல் இன்னொன்றும் நடந்தது. மரண விசாரணைகளை அதுவரை மாஜிஸ்திரேட்டுகள் நடத்திவந்தார்கள். இனி மாநிலந்தோறும் செஷன்ஸ் நீதிபதிகளே கொரோனராக அமர்வார்கள் என்று உத்தரவு வந்தது. போலீஸ் காவலில் நடந்த சாவுகளைப் பற்றி எழுந்த கூச்சல் அதற்குப் பின்னால் இருக்கிறது; நல்ல மாற்றந்தான். ஆக ஒரே வருடத்தில், செத்தவனுக்கு ஒரு படி உயர்ந்த நீதிபதி கிடைத்தார். உயிரோடு இருப்பவனுக்குச் சாக்கடை ஓட்டு இல்லை என்று உறுதியாயிற்று. நியூ ஜெர்சி விதவைகள் கேள்விப்பட்டால் எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பார்களோ.

ஜொகூர் இதிலும் முந்திதான். 2022 மார்ச் 12 மாநிலத் தேர்தலில், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நாட்டிலேயே முதன்முதலாக இங்கேதான் ஓட்டுப் போட்டார்கள். என் தம்பி மகள் விரல் மையைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். வீட்டுக்கு வந்தவள் வாசலில் அடைத்து நாறிக்கொண்டிருந்த லோங்காங்கைத் தாண்டிக் குதித்து, "பெரியப்பா, இதுக்கு யாருக்கு ஓட்டுப் போடணும்?" என்றாள். நமது பகுதியின் மன்ற உறுப்பினர் யார் என்று அக்கம்பக்கம் விசாரித்தேன். பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு பெயர் சொன்னார். அவர் பதவி போய் இரண்டு வருடமாம். எதிர்வீட்டு சீன அம்மா, அப்படி ஒருவர் உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கடைசியில் புகார் எண்ணுக்கு அடித்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். பதிவு செய்தாயிற்று என்று சொல்லி நீளமான ஒரு குறிப்பு எண் தந்தார்கள். அதை ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்தேன். மூன்று வாரம் கழித்து வந்த என் மாமா தண்ணீர் எடுக்கப் போனவர் அதைப் பார்த்துவிட்டு, கடைசி நாலு இலக்கத்துக்கு எக்கோர் லாட்டரியில் நம்பர் எடுத்தார்.

விழவில்லை.